முப்பத்தாறில் ஒன்று

என் கணவர் தங்கவேலு குவைத்தில் பதினோரு வருஷம் ரொட்டி வேன் ஓட்டிவிட்டு ஆந்திராவில் இருக்கும் எங்கள் புத்தூருக்குத் திரும்பியபோது, எல்லாரும் கொண்டுவருகிற கம்பளி, பேரீச்சம்பழம், தைல பாட்டில்களோடு ஒரு மரப்பெட்டியும் கொண்டுவந்தார். மூடினால் வக்கீல் பெட்டி மாதிரி இருக்கும். திறந்து விரித்தால் உள்ளே இரண்டு ஓரத்திலும் கூர்கூராக முக்கோணங்கள், மொத்தம் இருபத்து நான்கு. ஆளுக்குப் பதினைந்து காய். அவருக்குக் கறுப்பு, எனக்கு வெள்ளை. கடலை அளவில் இரண்டு பகடை.

"இது இன்னா, பரமபதமா?" என்றேன்.

"தவ்லா. மிஸ்ரி கத்துக்குடுத்தான். உக்காரு."

மிஸ்ரி என்றால் எகிப்துக்காரர். ரொட்டிக் கம்பெனியில் அடுப்படி பார்த்த அபு சமீரை அவர் கடைசிவரை அப்படித்தான் சொன்னார். வேலை முடிந்த மத்தியானங்களில் அந்த இரண்டு பேரும் ரொட்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பலகையை வைத்து ஆடுவார்களாம். இவருக்கு அரபியும் அவருக்குத் தெலுங்கும் அப்படித்தான் வந்தது என்று சொல்வார். அபு சமீருக்குத் தெரிந்த தெலுங்கு முழுக்க வசவு.

உலகத்தில் இதை பேக்கேமன் என்று ஆடுகிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நாங்கள் ஆடியது அபு சமீரின் ஆட்டம். பெயர் மஹ்பூசா. சிறைப்பட்டது என்று அர்த்தமாம். எங்கள் வீட்டில் அது ஜெயில் ஆட்டம் ஆகிவிட்டது. பகடையில் விழும் எண்ணுக்கு ஏற்பக் காய்களை நகர்த்திப் பலகையைச் சுற்றிக்கொண்டு வந்து நம் வீட்டில் சேர்க்க வேண்டும். வீடு என்பது கடைசி ஆறு முக்கோணம். பதினைந்தும் வீடு சேர்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம். முதலில் எல்லாவற்றையும் எடுத்தவர் ஜெயித்தவர்.

தாயத்தில் வெட்டு உண்டு. இதில் இல்லை. எதிராளியின் காய் எங்கேயாவது தனியாக நின்றால், அதன் தலைமேல் நம் காயை வைத்துவிடலாம். அடியில் இருப்பது நகரக் கூடாது. மேலே உட்கார்ந்தது எழுந்து போகிறவரை அங்கேயே கிடக்க வேண்டும். ஒரு காய் ஜெயிலில் இருந்தால் போதும், மற்ற பதினாலும் வீட்டில் இருந்தும் ஒன்றைக்கூட வெளியே எடுக்க முடியாது. இன்னொரு விதி, பகடையில் விழுந்த எண்ணை ஆட வழி இருந்தால் ஆடித்தான் ஆக வேண்டும். வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொள்ள முடியாது. இரண்டு பகடையிலும் ஒரே எண் விழுந்தால் அதை நாலு முறை ஆட வேண்டும். இவ்வளவுதான்.

ஜோடி எண்களுக்கெல்லாம் எகிப்துக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறும் ஆறும் தூஷ். ஐந்தும் ஐந்தும் தபஷ். மூன்றும் மூன்றும் விழுந்தால் தோசா. முதல் நாள் அவர் "தோசா!" என்று கத்தியபோது நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

நான் பிச்சாட்டூரில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். இரண்டு பகடை முப்பத்தாறு விதமாக விழலாம், ஏழு வருவதற்கு ஆறு வழி, பன்னிரண்டு வருவதற்கு ஒரே வழி என்பதெல்லாம் எனக்கு விளையாட்டு தெரிவதற்கு முன்பே தெரியும். ஆறே மாதத்தில் நான் அவரைவிட நன்றாக ஆட ஆரம்பித்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பகடைக்கு நீ கணக்கு சொல்லிக் குடுத்தியா? அது உன் இஸ்கூல் புள்ளையா? உளுறதுதான் உளும்."

"எங்க உளுந்தாலும் தாங்கற மாதிரி காயை வெச்சிக்கறதுதாங்க ஆட்டம்."

"அதெல்லாம் தோக்கறவன் பேசற பேச்சு."

"நேத்து மூணு ஆட்டமும் நான்தான ஜெயிச்சேன்?"

"நேத்து உனக்கு அதிர்ஷ்டம்."

பகடையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஊதுவார். காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். திருப்பதி மலை இருக்கும் பக்கம் திரும்பி, "ஏடுகொண்டலவாடா, ஒரே ஒரு தூஷ்" என்பார். "அவருக்கு வேற வேலை இல்லையா?" என்பேன். "லட்டு புடிக்க வேற ஆளுங்க கீறாங்க, அவரு சும்மாதான் நிக்கிறாரு" என்பார். ஆனால் வாயில்தான் இதெல்லாம். கைகளைப் பார்த்தால் வேறு. எந்தக் காயை எடுத்தாலும் கீழே வைப்பதற்கு முன் அவர் விரல் ஒரு நொடி காற்றில் நிற்கும். அந்த நொடியில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். அபு சமீரோடு பதினோரு வருஷம் ஆடியவர் சும்மாவா?

ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில்லை என்பதில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்று. எனக்குக் காய்ச்சலாக இருந்த நாளில்கூட என் மூன்று காய்களை ஜெயிலில் போட்டுவிட்டு, "மாத்திரை துன்னியா?" என்று கேட்டவர் அவர். அது எனக்குப் பிடித்திருந்தது. பதினோரு வருஷம் போனில் "நல்லா கீறேன், நல்லா கீறியா?" என்று பூசி மெழுகிப் பேசியவர்கள் நாங்கள். பலகையில் மட்டும் பூச்சே கிடையாது.

ஊருக்கு வந்தபிறகு அவர் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டினார். புத்தூரில் கிளம்பி நாராயணவனம், பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு என்று வழியெல்லாம் செல்போன் கம்பெனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். என்னையும் பிச்சாட்டூரில் இறக்கிவிடுவார். வேலை அவருக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் குவைத்தைப் பற்றிப் பேசும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிடும். அங்கே விடியலில் கடல் ஓரமாக, சூடான ரொட்டி வாசனையோடு தனியாக வண்டி ஓட்டிக்கினு போவது மாதிரி ஒரு சுகம் இல்லை என்பார்.

2016இல், நான் எதிர்பார்க்காத நேரத்தில், கூப்பிட்டார்கள். பழைய முதலாளி புதிதாக ஒரு ரொட்டிக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். டிரைவர்களையெல்லாம் மேய்க்க ஓர் ஆள் வேண்டும், தங்கவேலுதான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கடப்பாவிலிருந்து ஏஜென்ட் பேசினார். அபு சமீரும் அங்கேதான் சேர்கிறார் என்றார். நாலு வருஷ ஒப்பந்தம்.

நாங்கள் பணத்துக்காகத் தவித்துக்கொண்டிருக்கவில்லை. அவருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அவர் போகக் கூடாது. பதினோரு வருஷம் தனியாக இருந்தாகிவிட்டது, போதும். மகள் கௌசிகாவும் அப்போது திருப்பதியில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அவர் போனால் அந்த வீட்டில் நானும் சுவரும்தான்.

பேசிப் பார்த்தோம். அவர் சொல்வதெல்லாம் நியாயமாக இருந்தது. நான் சொன்னதையும் அவர் இல்லை என்று சொல்லவில்லை. "போ"வென்று அனுப்ப என்னால் முடியவில்லை, "போகாதே" என்று காலைக் கட்ட மனமும் வரவில்லை. அவரும் "நீ வேணாம்னா வேணாம்" என்று சொல்லிவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஏஜென்ட் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீயோடு வந்து பலகையைப் பிரித்தார்.

"வேணி, நான் ஜெயிச்சா போறேன். நீ ஜெயிச்சா போகலை. ஒரே ஆட்டம்."

"வெளயாட்டா?"

"வெளயாட்டுத்தான். ஆனா ஜெயிச்சவங்க பேச்சு நிக்கணும். அப்புறம் யாரும் அழக் கூடாது, குத்திக்காட்டக் கூடாது."

நான் கொஞ்சம் யோசித்தேன். நூறு ஆட்டம் ஆடினால் நான் அறுபது ஜெயிப்பேன். ஒரே ஆட்டத்தில் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. அது தெரிந்தும் சரி என்றேன். தோற்றால் நானே பெட்டி கட்டுவதாகவும் சொன்னேன். போனில் விஷயம் கேள்விப்பட்ட கௌசிகா, "ரெண்டு பேருக்கும் பைத்தியமா?" என்று கத்தினாள். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, "அம்மா பகடையை எடுத்தாச்சு, நீ போனை வெய்யி" என்றார்.

அந்த ஆட்டத்தை நான் சரியாக ஆடவில்லை. பயந்து ஆடினேன். பயந்து ஆடினால் காய்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஊர்ந்து வரும், கடைசியில் ஒன்று மட்டும் பின்னால் தனியாக மாட்டும். அப்படித்தான் ஆயிற்று. என் பதினாலு காய் வீட்டில். ஒரே ஒரு வெள்ளைக் காய் அவர் வீட்டு வாசலுக்கு வெளியே தனியாக நின்றது. அதன் தலைமேல் கறுப்பை வைத்தார்.

"ஜெயில்" என்றார். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஆடுவதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் இருக்கிற காய்களையே அப்படியும் இப்படியும் நகர்த்தி வெளியேறும் ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தார். கடைசியில் அவருடைய பன்னிரண்டு காய் வீட்டில். என் தலைமேல் ஒன்று. வெளியே, கொஞ்சம் தள்ளி, தனித்தனியாக இரண்டு.

அவருக்கு ஐந்தும் நாலும் விழுந்தது. அந்த இரண்டையும் அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம், கச்சிதமாகப் பொருந்தும். அவர் விரல் காற்றில் நின்றது. பிறகு அந்த இரண்டையும் தொடாமல், ஏற்கெனவே உள்ளே இருந்த காய்களை நகர்த்திவிட்டுப் பகடையை என்னிடம் தள்ளினார்.

நான் ஏதோ போட்டேன், ஏதோ நகர்த்தினேன். அவர் முறை வந்தது. உள்ளங்கையில் வைத்து ஊதினார். மலைப் பக்கம் திரும்பவில்லை.

தூஷ்.

வாழ்நாளெல்லாம் கேட்ட தூஷ். ஆறு, நாலு முறை. முதல் ஆறுக்கு வெளியே இருந்த ஒன்று உள்ளே போயிற்று. இரண்டாவது ஆறுக்கு மற்றொன்று. மூன்றாவது ஆறுக்கு என் தலைமேல் உட்கார்ந்திருந்ததைத் தவிர வேறு எதையும் நகர்த்த முடியாது. நகர்த்தாமலும் இருக்க முடியாது. அவர் அதை எடுத்தார். நாலாவது ஆறுக்கு ஒரு காயை வெளியே எடுத்து வைத்தார். என் வெள்ளைக் காய் வெளிச்சத்துக்கு வந்தது.

எனக்குத் தபஷ் விழுந்தது. நாலு ஐந்து. மூன்று ஐந்தில் அந்தக் காய் ஓடி வீடு சேர்ந்தது, நாலாவதில் ஒரு காய் வெளியே வந்தது. அவரிடம் பதினாலு, என்னிடம் பதினாலு. முறை அவருடையது. ஜெயிலில் கிடந்த நேரமெல்லாம் என் காய்கள் வெளியேறும் ஓரத்தில் குவிந்திருந்தன, அதனால் எந்த எண் விழுந்தாலும் எனக்கு இரண்டு காய் வெளியே வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒரு தடவை மூன்று விழுந்தது, மூன்றாவது இடத்தில் அவருக்குக் காய் இல்லை, எடுக்க முடியாமல் உள்ளேயே நகர்த்தினார். அந்த ஒன்றில்தான் போயிற்று. என் கடைசி இரண்டை நான் எடுத்தபோது அவர் பக்கம் ஒரே ஒரு கறுப்புக் காய் நின்றது.

அவர் போகவில்லை.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தோம். நல்ல வருஷங்கள். அவர் பஸ் ஓட்டினார், நான் முன்கூட்டியே ரிட்டயர்மென்ட் வாங்கிக்கொண்டேன், கௌசிகாவுக்குக் கல்யாணம் செய்தோம். தினம் ஆடினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. ஆட்கள் வந்தால், இல்லை சும்மா இருக்கும்போதுகூட, காய்களை அதே மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டு, "சொல்லு, நான் இன்னா தப்பு பண்ணேன்? இந்தப் பகடைதான் எனக்குத் துரோகம் பண்ணிச்சு" என்று புலம்புவார். குவைத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பகடையைத்தான் திட்டுவார். அப்படி அடுக்கி அடுக்கி எனக்கும் அந்தக் காய்கள் எங்கெங்கே நின்றன என்பது மனப்பாடம் ஆகிவிட்டது.

போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தவர் ஒரு வாரத்தில் போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயது. அதைப் பற்றி எழுத இன்னும் எனக்கு வரவில்லை.

வருஷத் திதியை திருப்பதியில் மகள் வீட்டில் வைத்துக்கொண்டோம். காலையில் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு நாங்கள் மூன்று பேர்தான். மாப்பிள்ளை ஹேமநாத் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், வீட்டில் இருந்தே. நல்ல பையன். போனில் பேக்கேமன் ஆடுவான், முகம் தெரியாத யார் யாரோடோ. பலகையை நான் கொண்டு போயிருந்தேன். அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "அத்தே, மாமாவோட அந்த ஃபேமஸ் ஆட்டத்தை அடுக்குங்க பாக்கலாம்" என்றான்.

அடுக்கினேன். அவருக்கு விழுந்த ஐந்தும் நாலும், அவர் நகர்த்திய விதம் எல்லாம் சொன்னேன். அவன் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய் பாயசத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தபோது, கௌசிகா அவன் தோளுக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"மா! நைனா உனக்கு விட்டுக் குடுத்துட்டாரு மா!"

"இன்னாடி சொல்ற?"

"ஆப்புல போட்டுப் பாத்தோம். அந்த அஞ்சு நாலுக்கு அந்த ரெண்டு காயையும் உள்ள கொண்டாந்திருக்கணும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமாம். நைனா வேணும்னே வெளியவே வுட்டிருக்காரு. பாரு, செவப்புல போட்டிருக்கு, பெரிய தப்புன்னு."

ஹேமநாத் கொஞ்சம் சங்கடமாக, "பெரிய தப்புதான் அத்தே. மாமா மாதிரி ஆடறவரு அதைப் பண்ண மாட்டாரு, தெரிஞ்சு பண்ணாத்தான் உண்டு" என்றான்.

"நைனா நம்மள வுட்டுட்டுப் போக மனசு வராம தோத்திருக்காரு. உன்கிட்ட சொல்லக்கூட இல்ல பாரு. நான் மனோரமா அத்தைக்கு அனுப்பிட்டேன். அத்தை அழுவுறாங்க."

மனோரமா அவருடைய தங்கை. சித்தூரில் இருக்கிறாள். சமையல் சரியில்லை என்றாலும் அழுவாள்.

நான் சோபாவில் உட்கார்ந்தேன். அவர்கள் இரண்டு பேரும் எனக்கு ஒரு பரிசு கொடுத்துவிட்ட மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன்.

அவர் விட்டுக்கொடுத்தார் என்றால், அன்று ஆடியது நான் மட்டும்தான். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஆடவில்லை. பயந்து பயந்து நான் பகடை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் குழந்தைக்குப் போக்கு காட்டுகிற மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறார். அதன்பிறகு ஏழு வருஷம் அந்தக் காய்களை அடுக்கி அடுக்கிப் பகடையைத் திட்டியதெல்லாம் நடிப்பு. எங்களுக்குள் பொய்யே இல்லாத இடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தப் பலகைதான்.

"நைனா நடிக்கமாட்டாருடி" என்றேன்.

"அவரா? ஊர் பஞ்சாயத்துல நடிக்காத ஆளா? போ மா. சந்தோசப்படுவியா, மூஞ்சியை இப்படி வெச்சிக்கினு கீறே."

"போனைக் குடு."

ஹேமநாத் கொடுத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சின்னச் சின்ன வட்டங்கள். கறுப்பை எண்ணினேன். வீட்டில் பன்னிரண்டு, வாசலுக்கு வெளியே ஒன்று, இன்னும் கொஞ்சம் தள்ளி இரண்டு. சரிதான். வெள்ளையை எண்ணினேன். வீட்டில் பதினாலு. பதினைந்தாவது எங்கே?

"என் காய் எங்க?"

"எது அத்தே?"

"மாமா காயுக்கு அடியில இருந்துதே, அது."

"ஓ, அதுவா." விரலால் பெரிதாக்கிக் காட்டினான். பலகையின் நடுக்கட்டையில் ஒரு வெள்ளை வட்டம் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒரே இடத்துல ரெண்டு கலர் வெக்க ஆப் ஒத்துக்கலை. எர்ரர்னு வந்துச்சு. சரி, மாமா அதை வெட்டுனதுதானேன்னு வெளிய வெச்சிட்டேன்."

"வெட்டலப்பா. எங்க ஆட்டத்துல வெட்டே கிடையாது."

"மேல வெச்சா வெட்டுதானே அத்தே?"

"மேல வெச்சா ஜெயில். காய் அங்கயேதான் இருக்கும். நகராது."

அவன் பலகையைப் பார்த்தான், போனைப் பார்த்தான். அவனுக்கு எங்கள் ஆட்டம் தெரியாது. இத்தனை வருஷத்தில் எங்களோடு ஆட உட்கார்ந்ததில்லை, நாங்கள் ஆடுவதைப் பார்த்ததோடு சரி. போனில் அவன் ஆடுகிற ஆட்டத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடியும் முதலிலிருந்து உள்ளே வரும். வருகிற வழியில் தனியாக நிற்கிற கறுப்பு ஏதாவது இருந்தால் அதைத் திருப்பி வெட்டும். அந்த ஆட்டத்தில் இரண்டு காயை வெளியே தனித்தனியாக விடுவது பைத்தியக்காரத்தனம்தான். சிவப்பு போட்டதில் தப்பில்லை. ஆனால் அது வேறு ஆட்டம்.

நான் சோபாவிலிருந்து இறங்கிப் பலகை முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"இங்க வா ரெண்டு பேரும். என் காய் ஜெயில்ல கீது. வெளிய நிக்கிற இந்த ரெண்டு கறுப்பை இன்னா பண்ண முடியும் என்னால? யாரை வெச்சி புடிப்பேன்?"

"ஒண்ணும் முடியாது" என்றான் ஹேமநாத்.

"அப்ப அதுங்களுக்கு வெளிய பயமே இல்ல. சரியா? இப்போ உங்க ஆப்பு சொல்ற மாதிரி ரெண்டையும் உள்ள கொண்டாந்துட்டாருன்னு வெய்யி." நகர்த்தினேன். "அடுத்த தடவை ஒரே ஒரு ஆறு உளுந்துச்சு. எந்தக் காயை ஆடுவாரு?"

அவன் விரலை வைத்து எண்ணினான். "உள்ள இருக்கறது ஆறு நகர முடியாது. இன்னும் எல்லாம் வீடு சேரலை, எடுக்கவும் முடியாது…" நிறுத்தினான். "இதைத்தான் எடுக்கணும். ஜெயிலுக்கு மேல இருக்கறதை."

"ரெண்டு பகடையில எதுலயாவது ஆறு உளுறதுக்கு எத்தினி வழி?"

"முப்பத்தாறுல பதினொண்ணு."

"மூணு தடவைக்கு ஒரு தடவைன்னு வெச்சிக்க. இப்போ மாமா வெச்ச மாதிரி வெய்யி." காய்களைத் திருப்பி வெளியே வைத்தேன். "ஒரு ஆறு வந்தா இது ஆடும். ஜெயில் அப்படியே. ஜெயில் திறக்கணும்னா இன்னா உளணும்?"

அவன் மறுபடியும் விரலை வைத்து எண்ணினான். "ரெண்டு ஆறு. தூஷ் மட்டும்தான். முப்பத்தாறுல ஒண்ணு."

"அதுக்காகத்தான் அந்த ரெண்டையும் வெளிய நிறுத்தினாரு. என்னை வெளிய வுடக் கூடாதுன்னு. காவல்."

ஹேமநாத் தலையில் கை வைத்துக்கொண்டான். "வார்னி… மாமா கரெக்டா ஆடியிருக்காரு அத்தே. இதைவிட நல்லா ஆடவே முடியாது."

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய விரல் காற்றில் நின்ற அந்த நொடி எனக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த நொடியில் அவர் இத்தனையும் பார்த்திருக்கிறார். எல்லாம் அதிர்ஷ்டம் என்று வாழ்நாள் முழுக்க என்னோடு வாதாடிய மனுஷர், கணக்கு டீச்சர்கூடப் பயத்தில் யோசிக்காததை யோசித்து ஆடியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் கணக்கு சொன்ன நான், முப்பத்தாறில் ஒன்றை வைத்து ஜெயித்திருக்கிறேன். இதைக் கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பார். "நான்தான் அப்பவே சொன்னனே" என்பார், எந்தப் பக்கத்தைச் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி.

கௌசிகா மட்டும் பலகையைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்போ நைனா நம்மள வுட்டுட்டுப் போறதுக்குத்தான் ஆடினாரு" என்றாள்.

"ஆமா."

"அதைக் கண்டுபிடிச்சி இன்னா மா சந்தோசம் உனக்கு?"

"போகணும்னு ஆசை இருந்துச்சிடி. அந்த ஆசையோட முழுசா ஆடினாரு. அவரு போகக் கூடாதுன்னு நானும் முழுசா ஆடினேன். யாரும் யாரையும் ஏமாத்தல."

"நான் நினைச்சதே நல்லா இருந்துச்சி."

"அத்தைக்குத் திருத்தி அனுப்பிடு."

"இன்னான்னு அனுப்பறது? நைனா போகத்தான் பாத்தாரு, பகடை வுடலைன்னா? இன்னும் அழுவாங்க."

"அழட்டும். உங்கண்ணன் நல்லா ஆடினாருன்னு அனுப்பு."

ஹேமநாத் சிரித்துவிட்டு, அவள் முறைத்ததும் எழுந்து பாயசம் எடுக்கப் போனான். அவள் போனை எடுத்துத் தட்டினாள், அழித்தாள், மறுபடியும் தட்டினாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் நகர்ந்து வந்து, பலகையின் ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"தோத்ததும் இன்னா பண்ணாரு?"

இத்தனை வருஷத்தில் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. ஜெயித்த கதையைத்தான் கேட்பார்கள்.

"அந்த ஒத்தைக் காயையே கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் எழுந்து போய் சட்டைப் பாக்கெட்டுல இருந்து போனை எடுத்துக்கினு வந்தாரு. என் எதிர்லயே உக்காந்து ஏஜென்டுக்குப் பண்ணாரு. 'அன்னா, நேனு ராலேனு' அப்படின்னாரு. வரமுடியாது, அவ்வளவுதான். அந்த ஆளு ஏன், எதுக்குன்னு கேக்கறது எனக்கே கேக்குது. பொண்டாட்டி வேணாம்னுட்டா, உடம்பு சரியில்ல, புள்ள படிக்குது, இப்படி ஏதாவது சொல்லுவாருன்னு பாத்தேன். ஒண்ணும் சொல்லல. 'ஓடிபோயானன்னா' அப்படின்னாரு. தோத்துட்டேன்னு. அவனுக்கு இன்னா புரிஞ்சிதோ."

கௌசிகாவுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"அப்புறம்?"

"டீ ஆறிப்போய் இருந்துச்சு. அதையே குடிச்சாரு. நான் ஒண்ணும் பேசல. ஜெயிச்சவ பேசினா குத்திக்காட்டற மாதிரி ஆயிடும். அவரு காயெல்லாத்தையும் வாரி, கறுப்பு தனியா வெள்ளை தனியா பிரிச்சி, முதல்ல இருந்து அடுக்கினாரு. 'இன்னொண்ணு?' அப்படின்னாரு. ஆடினோம்."

"அதுல யாரு ஜெயிச்சது?"

"அவருதான்."